பட்டை விடவில்லை: கடல் கயாக் இழுகயிற்றைப் பிரித்துக் கட்டிய அனுபவம்

உருண்டையைப் பிடித்து இழுத்தேன். பக்கிள் ‘டக்’கென்று திறந்தது. ஆனால் இழுகயிறு மாட்டிய பட்டை இடுப்பைவிட்டுப் போகவில்லை.

பின்னால் 15 மீட்டர் தள்ளி, கயிற்றின் மறுமுனையில் எங்கள் குழுவிலேயே இளையவரின் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு). காலையில் நன்றாகத்தான் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையை மார்பு உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரை இழுத்து வந்திருந்தேன். கரை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. கரைக்கும் எங்களுக்கும் நடுவே அலை உடைகிற இடம். அதற்கு வெளியிலேயே கயிற்றை விட்டுவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே போவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். கயிறோடு அந்த இடத்துக்குள் போகவே கூடாது. பின்னால் வரும் கயாக் அலையில் சறுக்கி முன்னால் இருப்பவர் முதுகில் ஏறும். ஒருவர் கவிழ்ந்தால் தொய்ந்த கயிறு கையிலோ கழுத்திலோ சுற்றும்.

“விடுண்ணே, விடு! அலை தூக்குது!” என்று அவர் கத்தினார். நான் விட்டுத்தான் இருந்தேன். பட்டை வலது இடுப்பெலும்பு வரை நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி உருண்டையை இழுத்தேன். இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து உலுக்கினேன். துடுப்புப் போடாததால் கயாக் அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பத் தொடங்கியது. எங்களோடு வந்த மூன்றாவது ஆள் நிலைமையைப் புரிந்துகொண்டு, நேராக அந்தத் தம்பியின் கயாக் அணியத்துக்கு, அதாவது முன்முனைக்குப் போய் அங்கே மாட்டியிருந்த கொக்கியைக் கழற்றிவிட்டார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்கும். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மூன்றாவது ஆள் இல்லாமல் இருந்திருந்தால் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்திருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் தோளிலேயே கத்தி இருந்தது. அந்த அரை நிமிடத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதற்கும் பிறகு ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது.

மேசையில்

அன்று இரவே பட்டையைக் கழுவி, காயவைத்து, மேசையில் பரப்பினேன். இதைப் பார்த்திராதவர்களுக்கு: 50 மி.மீ. அகல நாடா இடுப்பைச் சுற்றி வரும். முன்பக்கம் ஒரு பக்கிள். அதன் நெம்பில் ஒரு பிளாஸ்டிக் உருண்டை தொங்கும். நாடாவின் பின்பக்கம் ஒரு சின்னப் பை, அதற்குள் கயிறு. கயிற்றின் வெளிமுனையில் கேரபினர் கொக்கி (தானாக மூடும் நாக்கு வைத்த உலோக வளையம்), பக்கத்தில் ஒரு மிதவை. இழுக்க வேண்டியவரின் கயாக் முன்முனையில் கொக்கியை மாட்டிவிட்டுத் துடுப்புப் போட வேண்டியதுதான். ஆபத்து வந்தால் உருண்டையை ஒரு இழுப்பு. பக்கிளின் நெம்பு தூக்கும், அதன் பற்கள் நாடாவை விடும், கயிற்றின் பளுவே பட்டை முழுவதையும் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். பட்டை, பை, கயிறு எல்லாம் போகும். அப்படித்தான் போக வேண்டும்.

காரணம் கண்ணுக்கு உடனே தெரியவில்லை, விரலுக்குத்தான் தெரிந்தது. நாடாவின் வால்முனையை விரலால் தடவினால் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கெட்டி. போன வருடம் வால் நீளமாக இருக்கிறதே என்று கத்தரியால் வெட்டி, நூல் பிரியாமல் இருக்க லைட்டரால் சுட்டது நான்தான். உருகிய நைலான் ஒரு மூலையில் திரண்டு இறுகியிருக்கிறது. பக்கிளின் இடுக்கு வழியாக அந்த மூலை போகவில்லை. நெம்பு முழுதாகத் திறந்திருந்தும் அந்த மிளகு போய் விளிம்பில் மாட்டிக்கொண்டது. வீட்டில் மெதுவாக இழுத்துப் பார்த்தால் நாலில் மூன்று முறை போகும், ஒரு முறை நிற்கும். கடலில் அந்த நாலாவது முறை வந்துவிட்டது.

இன்னொரு தவறும் இருந்தது. மிச்ச வால் காற்றில் ஆடி எரிச்சல் தருகிறது என்று அதைப் பட்டைக்குள்ளேயே சொருகி வைப்பது என் வழக்கம். சொருகிய வால், திறந்த பக்கிளுக்குக்கூட ஒரு பிரேக் மாதிரி வேலை செய்யும். இதை நான் யாரிடமாவது பார்த்திருந்தால் உடனே சொல்லித் திருத்தியிருப்பேன். என்னுடையதை நான் பார்க்கவில்லை.

பக்கிளின் பற்களுக்கு நடுவே உப்பும் மணலும் அடைத்துக் கல்லாகியிருந்தன. கொக்கியின் நாக்கு பாதி வரை மூடி, பிறகு யோசித்து மூடியது. கயிற்றின் நிறம் வெளுத்து, மேல் இழைகள் விரலில் தூளாக உதிர்ந்தன. பாலிப்ரொப்பிலீன் வெயிலுக்குத் தாங்காது. எப்போதும் வெளியே தெரிகிற கொக்கி முனையில் ஒரு கை நீளம்தான் அப்படி இருந்தது, பைக்குள் கிடந்த பகுதி புதிதுபோல இருந்தது. பளு முதலில் விழுவது அந்த ஒரு கை நீளத்தின் மேல்தான்.

சரி, ஒட்டுப்போட்டுப் பயனில்லை. பையையும் பக்கிளையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் புதிதாகச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

நாடாவும் பக்கிளும்

புது நாடா பாலியெஸ்டர். நைலானும் போதும், ஆனால் அது தண்ணீர் குடித்து நீளும். பட்டையைக் காலையில் இறுக்கிக் கட்டினால் மதியம் தளர்ந்திருக்கும். வால்முனையை நேராக வெட்டாமல் 45 பாகைச் சாய்வில் வெட்டினேன். சூடான கத்தியால் வெட்டியதும், உருகின ஓரம் ஆறுவதற்குள் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டையாக அழுத்தினேன். ஆறிய பிறகு மெல்லிய உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்தேன். முனையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் நாடா எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரிய வேண்டும், தடிப்பு தெரியக் கூடாது. மறுமுனையில், பக்கிளோடு நிரந்தரமாக இருக்கும் பக்கத்தில், நாடாவை மடித்துச் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைத்தேன். வால்பக்கம் மடிப்பு, தையல், முடிச்சு எதுவும் இருக்கக் கூடாது. கடைகளில் கிடைக்கும் சாதாரண இடுப்பு நாடாக்களில், பக்கிளிலிருந்து நழுவிவிடாமல் இருக்கவே வால்முனையை மடித்துத் தைத்திருப்பார்கள். இங்கே நமக்கு வேண்டியது நேர் எதிர்.

பக்கிளின் பற்களைப் பழைய டூத்பிரஷால் வெந்நீரில் தேய்த்தேன். மூன்று முறை தேய்த்த பிறகுதான் மணல் வருவது நின்றது.

மீட்பு வேலைக்கென்று வரும் லைஃப் ஜாக்கெட்டுகளில் பக்கிளுக்கு முன்னால் ஓர் இரும்புச் சட்டமும் இருக்கும். நாடாவை அதன் வழியாகவும் கோத்தால் பளுவில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும், பற்களிலிருந்து நாடா நழுவாது. ஆற்று வெள்ளத்தின் வேகத்துக்கு அது சரி. கடலில் இழுக்கும்போது வரும் பளு அதைவிட மிகக் குறைவு. குறைந்த பளுவில் அந்தச் சட்டத்தின் உராய்வே பட்டையை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். என் பட்டையில் அப்படி எதுவும் வேண்டாம் என்று விட்டேன். பக்கிளின் பற்கள் மட்டும் போதும்.

வாலை ஒரு கையகலம் விட்டு, சொருகாமல் தொங்கவிட்டேன். ஆடினால் ஆடட்டும்.

கயிறு

இதில்தான் அதிக நேரம் போனது. முதலில் மிதக்க வேண்டும். கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38, இரண்டும் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் 0.91, டைனீமா என்ற மிக உறுதியான பாலிஎத்திலீன் இழை 0.97, இரண்டும் மிதக்கும். மூழ்கிய கயிறு சுக்கானிலும் பாறையிலும் மாட்டும், எங்கே கிடக்கிறது என்று தெரியவும் தெரியாது. டைனீமா மெலிதாகவே பெரும் பலம் தரும். ஆனால் மெலிந்த கயிறு ஈரக் கையில் வழுக்கும், விரலை அறுக்கும். அதோடு அது நீளவே நீளாது. 6 மி.மீ. பாலிப்ரொப்பிலீனையே எடுத்தேன், மஞ்சள் நிறத்தில். வெயிலில் கெடும் என்பதால், வாங்கிய மாதத்தைப் பையின் உள்மடிப்பில் அழியாத மையில் எழுதி வைத்தேன்.

நீளம் 15 மீட்டர். அவ்வளவு எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். கடல் கயாக் ஒன்று 5 மீட்டருக்குச் சற்று மேல். பட்டை இருப்பது என் இடுப்பில், அதாவது கயாக்கின் நடுவில். எனக்குப் பின்னால் என் கயாக்கே இன்னும் இரண்டரை மீட்டர் நீண்டிருக்கிறது. 5 மீட்டர் கயிறு போட்டால் என் பின்முனைக்கும் அவருடைய அணியத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டர்தான் மிச்சம். அமைதியான நீரில் அது போதும், நன்றாகவும் இருக்கும், பேசிக்கொண்டே போகலாம். அலை முதுகில் வரும்போது பின்னால் இருப்பவர் அலைச்சரிவில் சறுக்கினால் அந்த இரண்டரை மீட்டர் ஒரு கணத்தில் போய்விடும். ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு கூர்மையான முனை நம் முதுகை நோக்கி வரும்.

அலைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் பார்க்க வேண்டும். ஆழமான நீரில் 3 விநாடிக்கு ஓர் அலை வந்தால் முகட்டுக்கு முகடு சுமார் 14 மீட்டர், 4 விநாடி என்றால் சுமார் 25. நான் முகட்டில் ஏறும்போது அவரும் ஒரு முகட்டில் ஏறினால் கயிறு ஒரே சீராக இருக்கும். நான் சரிவில் இறங்க, அவர் ஏற என்று மாறி மாறி வந்தால் ஒவ்வொரு அலைக்கும் இடுப்பில் ஒரு வெட்டு. அப்போது ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் கூட்டியோ குறைத்தோ பார்ப்பேன். இதற்காகத்தான் நீளத்தை மாற்ற வசதி வேண்டும்.

முதலில் 5 மீட்டரில் ஒரு வளையம் தைத்துப் பார்த்தேன். பையிலிருந்து கயிறு ஓடும்போது அந்த வளையம் பையின் வாயில் மாட்டியது. பிரித்துவிட்டேன். இப்போது கயிற்றைச் சங்கிலிப் பின்னலாகப் போட்டுக் குறைக்கிறேன். ஒரு கண்ணி போட்டு, அதன் வழியாக அடுத்த கண்ணியை இழுத்து, அப்படியே தொடர்ந்து, கடைசிக் கண்ணியில் கொக்கியை மாட்டிவிட்டால் அவிழாது. கொக்கியை எடுத்து இழுத்தால் நொடியில் முழு நீளமும் வந்துவிடும். கயிறு முழுவதிலும் முடிச்சு இரண்டே இரண்டு, இரண்டு முனைகளிலும் எட்டு வடிவ முடிச்சு. நடுவில் எதுவும் இல்லை.

அடுத்து அதிர்ச்சி தாங்கும் பகுதி. கயிறு மட்டும் இருந்தால் ஒவ்வொரு வெட்டும் நேராக முதுகுத்தண்டுக்கு வரும். குழாய் வடிவ நாடா ஒன்றரை மீட்டர் வாங்கி, அதற்குள் 80 செ.மீ. எலாஸ்டிக் கயிற்றை நுழைத்து, இரண்டு முனைகளிலும் சேர்த்துத் தைத்தேன். எலாஸ்டிக் சுருங்கியிருக்கும்போது நாடா துருத்திபோல மடிந்திருக்கும். பளு விழுந்தால் நீண்டு, நாடா முழு நீளத்துக்கு வந்ததும் அதுவே பளுவை வாங்கிக்கொள்ளும். எலாஸ்டிக் அறுந்தாலும் இழுவை அறுகாது. இதைக் கொக்கிப் பக்கம் வைப்பவர்களும் உண்டு. நான் பட்டைப் பக்கம் வைத்தேன். நீண்டிருக்கும் எலாஸ்டிக்கின் முனையில் ஓர் இரும்புக் கொக்கி இருந்து, அது திடீரென்று கழன்றால், நேராக என் பின்தலைக்கு வரும் என்பதை யோசித்துப் பார்த்தேன். அதோடு எனக்குத் தெளிவாகிவிட்டது.

கொக்கி பற்றிச் சுருக்கமாக. 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஏனென்றால் அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்புக்கு 304 ரகத்தைவிட நன்றாகத் தாங்கும். அலுமினியம் கனம் குறைவுதான், கடலில் அதன் கீல் சீக்கிரம் இறுகிவிடுகிறது. திருகு வைத்துப் பூட்டும் கொக்கி வேண்டவே வேண்டாம், குளிரில் விறைத்த ஒற்றைக் கையால் கழற்ற முடியாது. வாய் அகலமாக இருக்க வேண்டும், நாக்கு மூடும் இடத்தில் கொக்கி போன்ற வெட்டு இருக்கக் கூடாது. அந்த வெட்டுத்தான் கழற்றும்போது கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். மிதவை கொக்கியைத் தாங்குகிறதா என்று வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். முதல் மிதவை மூழ்கியது, இரண்டாவதைச் சேர்த்ததும் நின்றது.

சோதனை

பட்டையைக் கட்டிக்கொண்டு கயிற்றைத் தூணில் மாட்டி, பின்னால் சாய்ந்து, உருண்டையை இழுத்தேன். வலது கையால் 20, இடது கையால் 20, கண்ணை மூடிக்கொண்டு 10. ஐம்பதும் போனது. உலர்ந்த நாடாவில் இது பெரிய விஷயமில்லை என்பதால், பட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டு, விறைத்த நிலையில் மறுபடி ஐம்பது. போனது.

அப்புறம் கயிற்றைத் தளர்வாக விட்டு இழுத்துப் பார்த்தேன். பக்கிள் திறந்தது. பட்டை அப்படியே இடுப்பில் உட்கார்ந்திருந்தது. யோசித்தால் இது இயற்கைதான். உருவிக்கொண்டு போவது கயிற்றின் பளு, பளு இல்லாவிட்டால் எதுவும் அதை உருவாது. ஆனால் இதை இத்தனை வருடமும் நான் சோதித்துப் பார்த்ததே இல்லை. நான் கவிழ்ந்தால் பின்னால் வரும் கயாக் என்னை நோக்கித்தான் மிதந்து வரும், கயிறு தொய்ந்துவிடும். பட்டை உண்மையில் கழன்று போக வேண்டிய நேரத்தில்தான் பளுவே இருக்காது. அதனால் கைக்கு இரண்டு வேலை பழக்கினேன்: உருண்டையை இழு, அதே கையின் கட்டைவிரலைப் பட்டைக்குள் விட்டுப் பக்கவாட்டில் தள்ளு. இரண்டும் சேர்ந்து ஒரே அசைவாக வரும்வரை செய்தேன்.

மார்பளவு நீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, கயாக்கோடு கவிழ்ந்து தலைகீழாகவும் செய்தேன். முதல் முறை உருண்டையைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. லைஃப் ஜாக்கெட் தண்ணீரில் மேலே ஏறி உருண்டையை மூடிவிட்டது. பட்டையை இன்னும் கீழே, இடுப்பெலும்பின் மேல் படிகிற மாதிரி இறக்கிக் கட்டினேன். முதுகுக்கும் அதுதான் நல்லது, இழுவை இடுப்புக்கு வரும், நடு முதுகுக்கு வராது. உருண்டையையும் பெரிதாக மாற்றினேன், சிவப்பில். மூன்றாவது முறையிலிருந்து கை தானாகப் போனது.

கத்தியையும் அன்றைக்கே பழகினேன். கண்ணை மூடி, கையை வைத்து, உருவி, ஒரு பழைய கயிற்றை அறுப்பது. மழுங்கிய முனையுள்ள கத்திதான், அலையில் ஆடும்போது யாரையும் குத்திவிடக் கூடாது.

மறுபடி தண்ணீரில்

பிறகு மூன்று வாரம், ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் அரை மணி நேரம் இழுத்துப் பழகினோம். எல்லாரும் எல்லா இடத்திலும் மாறி மாறி இருந்தோம், இழுக்கப்படுகிறவராகவும். அந்த இடத்தில் ஒரு முறையாவது உட்கார்ந்தவர்களுக்குத்தான், முன்னால் போகிறவர் முதுகு மட்டுமே தெரியும், தன்னால் எதுவும் செய்ய முடியாது என்ற உணர்வு எப்படியிருக்கும் என்று தெரிகிறது. அதனால் இப்போது பின்னால் இருப்பவருக்கும் வேலை கொடுக்கிறோம். ஸ்கெக் (கயாக்கின் பின்பகுதியில் அடியில் இறக்கும் சின்னத் தகடு) இருந்தால் கீழே இறக்கச் சொல்கிறோம், கயாக் பாம்புபோல அலையாமல் நேராக வரும். முடிந்தால் மெதுவாகத் துடுப்புப் போடச் சொல்கிறோம், கொஞ்சம் போட்டாலே இழுப்பவருக்குப் பெரிய வித்தியாசம். கொக்கியைக் கழற்றுவது எப்படி என்று மாட்டும்போதே காட்டிவிடுகிறோம்.

மாட்டுவது மேல்தட்டு ஓரமாக ஓடும் கயிற்றில், அணியத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே. அந்தக் கயிறும் வெயிலில் கெடும். எங்கள் ஐந்து கயாக்குகளைப் பார்த்ததில் இரண்டில் அது இழுத்தால் அறுந்துவிடும் நிலையில் இருந்தது, மாற்றினோம். இழுப்பவர் கயாக்கில் சுக்கான் இருந்தால் கயிறு அதில் மாட்டாமல் மேலே ஓடுகிறதா என்று முதல் நிமிடத்திலேயே திரும்பிப் பார்க்க வேண்டும். கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

தன்னால் நேராக உட்காரவே முடியாதவரை இப்படித் தனியாக இழுக்க முடியாது. கடல் வாந்தி வந்தவர் தலையைத் தூக்கமாட்டார், துடுப்பை இறுக்கிப் பிடிக்கமாட்டார், கவிழ்வது நிச்சயம். அப்போது இன்னொருவர் பக்கத்தில் கயாக்கை ஒட்டிவைத்து, அவருடைய மேல்தட்டின் மேல் சாய்ந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். கயிற்றை முடியாதவரின் முன்முனைக் கயிற்றுக்குள் நுழைத்து, கொக்கியைப் பிடித்திருப்பவரின் கயாக்கில் மாட்டுகிறோம். இழுக்க இழுக்க இரண்டு அணியமும் ஒன்றாகச் சேரும், கொக்கியைக் கழற்றும் ஆள் தெளிவோடு இருப்பவராக இருப்பார். வேகம் மிகவும் குறைவு. தனியாக இழுப்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார்.

இரண்டு பேர் இழுப்பதில் இரண்டு விதம் பார்த்தோம். ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் இழுப்பது, இருவரும் தனித்தனிக் கயிற்றை ஒரே கயாக்கில் மாட்டி விசிறிபோல இழுப்பது. வரிசை எளிது, துடுப்புகள் மோதாது. ஆனால் நடுவில் இருப்பவர் இரண்டு கயிறுகளுக்கு இடையில் மாட்டியிருக்கிறார், அவர் கவிழ்ந்தால் சிக்கல் இரட்டிப்பு. விசிறியில் ஒவ்வொருவரும் தன் கயிற்றைத் தானாக விட்டுவிடலாம். நான் விசிறியையே விரும்புகிறேன், இருவரும் ஒரே வேகத்தில் போகப் பழகியிருந்தால். பழகாவிட்டால் ஒருவர் கயிறு எப்போதும் தொய்ந்தே கிடக்கும்.

பாறைக்குப் பக்கத்தில் ஒருவர் கவிழ்ந்துவிட்டால், 15 மீட்டரை வெளியே எடுக்க நேரமிருக்காது. அதற்கு ஒரு மீட்டர் நீளத்தில் தனியாக ஒரு குட்டிக் கயிறு செய்து வைத்திருக்கிறேன். மாட்டி, பத்துப் பதினைந்து துடுப்பு பின்வாங்கி, ஆபத்தைவிட்டு விலகிய பிறகு மற்றதை யோசிக்கலாம். ஆளைத் தண்ணீரிலிருந்து ஏற்றும் வேலை நடக்கிறது, மூன்றாவது ஆள் இருக்கிறார் என்றால், அவர் மீட்பவரின் கயாக்கில் நீளக் கயிற்றை மாட்டி, எதிர்ப்பக்கம் துடுப்புப் போட்டு அனைவரையும் அங்கேயே நிறுத்தி வைக்கலாம். முன்னேற வேண்டியதில்லை, பாறையை நோக்கிப் போகாமல் இருந்தாலே போதும். இதைப் பழகியபோது, நான் பார்த்ததிலேயே மிகவும் பயனுள்ள இழுவை இதுதான் என்று தோன்றியது.

காற்றைப் பற்றி ஒன்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்றுக்கு எதிராக இழுத்து வந்த நம்பிக்கையில் 20 நாட்டில் இறங்கக் கூடாது. கரையில் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களை, ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கட்டடத்தையும், கண்ணில் வைத்துக்கொண்டால் முன்னேறுகிறோமா பக்கவாட்டில் தள்ளப்படுகிறோமா என்று தெரியும். முன்னேறவில்லை என்றால் திசையை மாற்றி, காற்று போகிற பக்கம் ஒதுங்க இடமிருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரி. நானாக இருந்தால் வீம்புக்கு ஒரு மணி நேரம் இழுக்கமாட்டேன்.

போன வாரம் அதே கடற்கரைக்குத் திரும்பி வந்தோம். தம்பிக்குத் தோள் சரியாகிவிட்டது, ஆனாலும் தன்னை இழுக்கச் சொன்னார். அலை உடைகிற இடத்துக்கு நல்ல தூரம் வெளியே நின்று திரும்பிப் பார்த்தேன். “விடட்டுமா?” என்றேன். “விடுண்ணே” என்றார். உருண்டை, கட்டைவிரல். பட்டை வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. சிவப்பு உருண்டை தண்ணீரில் இரண்டு முறை மூழ்கி எழுந்தது. அவர் கயிற்றைக் கைப்பிடி கைப்பிடியாக இழுத்துத் தன் மேல்தட்டின் எலாஸ்டிக்குக்கு அடியில் செருகிக்கொண்டார், அதன் பிறகு ஒவ்வொருவராகக் கரையேறினோம்.

வீட்டில் நல்ல தண்ணீரில் அலசி, கயிற்றைச் சுருட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் திணித்தேன், கொக்கி கடைசியாக. சுருட்டி வைத்தால் வெளியே வரும்போது சிக்கும், திணித்தால் சிக்காது. பக்கிளின் பற்களில் இரண்டு மணல் துகள் இருந்தது. டூத்பிரஷ் இப்போது பையோடேயே இருக்கிறது.